பொயிலர் அண்ணையின் ஆறு விசில் எஞ்சின்

மாண்ட்ரியலில் ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்க நான்கு நிமிடம் ஆகும். பொயிலர் அண்ணைக்கு நான்கு வருடம் ஆனது. அதில் கடைசி இரண்டு வருடம் நான் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஆகவே, மனித வரலாற்றிலேயே மிக மெதுவாகக் கொதித்த தண்ணீருக்கு நான் நேரடிச் சாட்சி.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. செல்போனில் படம் எடுத்தால் தபால்தலை அளவுக்கு வரும். அதிலும் எல்லோரும் பேய் மாதிரி இருப்பார்கள். திருச்சியிலிருந்து இயந்திரவியல் மேற்படிப்புக்காகப் போயிருந்த பெண் நான். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை கிடைக்காமல், ரயிலில் அரை மணி நேரம் தள்ளிப்போய் ரொக்ஸ்பரோவில் இறங்கினேன். ரொக்ஸ்பரோ பெயருக்கு மாநகரம், குணத்தில் சிற்றூர். ஒரு ஸ்டேஷன், தெப்பானர் என்று அழைக்கப்படும் ஒரு மூலைக்கடை, புல்தரை வைத்த வீடுகள் வரிசையாக. இந்த வீட்டில் ஒருவர் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து பிரெஞ்சில் வாழ்த்து வரும்.

தமிழ்க்கடைப் பலகையில் ஒட்டியிருந்த நம்பருக்கு போன் செய்தபோது ஒரு பெண் குரல் பேசியது.

"அறை இருக்கு. சமைக்கலாம். குளிக்கலாம். சத்தம் கேக்கும்."

"என்ன சத்தம்க்கா?"

"வந்து கேளும்."

அந்தக் குரல் மலரக்கா. சத்தம் அவருடைய கணவர்.

ரொக்ஸ்பரோவில் எல்லோருக்கும் அவர் பொயிலர் அண்ணைதான். உண்மைப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். மலரக்காவுக்கும் தெரிந்திருக்கலாம்; ஆனால் அவர் 'இஞ்சேருங்கோ' என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஐம்பது வயதிருக்கும். குள்ளம், ஒல்லி. இரண்டு புருவங்களும் ஒரே சமயத்தில் அவர் முகத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று முளைத்து வருவதற்குள் மற்றது கருகிவிடும். கராஜுக்குள் அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு குட்டி நீராவி எஞ்சின். குட்டி என்றால் அலமாரியில் வைக்கிற பொம்மை இல்லை. ஒரு பெஞ்சு நீளம், ஒரு சாண் அகலத் தண்டவாளம், பின்னால் கோத்த வண்டியில் ஆளே உட்கார்ந்து போகலாம். போகலாம் என்பது அண்ணையின் கணக்கு.

யாழ்ப்பாணத்துக்காரர், நீராவி எஞ்சின் என்றதும் உங்களுக்கு ஒரு கதை தோன்றும்: அப்பா ரயில்வேயில் இருந்திருப்பார், சின்ன வயதில் புகையைப் பார்த்து மயங்கியிருப்பார், இழந்த ஊரை இரும்பில் வடிக்கிறார்... எனக்கும் தோன்றியது. முதல் வாரமே, உருகுவதற்குத் தயாராகக் கேட்டேன்.

"ஊர்ல ட்ரெயின்ல வேலை பாத்தீங்களாண்ணா?"

"சீ! நான் கூட்டுறவுக் கடையில மா நிறுத்தனான். ரயில் எண்டாலே எனக்குத் தலையைச் சுத்திச் சத்தி வரும். அதுக்காகவே ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுத் தருவினம்."

உருகியது வீணாயிற்று. உண்மை என்னவென்றால், பக்கத்துத் தெருவில் யாரோ பழைய சாமான் விற்றபோது ஒரு பிஸ்கட் டப்பா வாங்கியிருக்கிறார். மூடியில் நீராவி எஞ்சின் படம். உள்ளே பிஸ்கட் இல்லாததால் படத்தைப் பார்க்க நேரம் கிடைத்தது. "இதைச் செய்யேலாதே?" என்று கேட்டுக்கொண்டாராம். யாரும் பதில் சொல்லாததால் தொடங்கிவிட்டார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, மலரக்கா சொன்னார். அண்ணைக்கு வேலை ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஒரு பெரிய லாண்டரியில். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது. இஸ்திரிக்கு வேண்டிய நீராவியெல்லாம் வருவது ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பொயிலரிலிருந்து. லைசென்ஸ் உள்ளவர் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. பன்னிரண்டு வருடம் கதவின் இந்தப் பக்கம் நின்று இஸ்திரி போட்டவர், ஒருநாள் கூட அந்தப் பக்கம் பார்த்ததில்லை. "ஒருக்கா எட்டிப் பார்க்க விட்டிருந்தால் என்ர கராஜ் தப்பியிருக்கும்," என்பார் அக்கா.

நான் தினமும் ஏறிப்போன ரயில் மின்சாரத்தில் ஓடியது. அண்ணையைப் பொறுத்தவரை அது ரயில் கணக்கிலேயே வராது. "உது ரயிலே பிள்ளை? படுக்கப்போட்ட ஃபான். கரண்ட் போனால் நிக்கிற சாமானை எஞ்சின் எண்டு சொல்லாதையும்." ஒரு குளிர்கால மாலை, மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, கம்பியெல்லாம் கண்ணாடிக் குழாயாகி, எங்கள் ரயில் ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்கு நூறு அடி முன்னால் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம். ஒருவழியாக இறக்கிவிட்டபோது பிளாட்பாரத்தில் அண்ணை. ஒரு கையில் பெரிய பிளாஸ்க், மறு கையில் காகிதக் கோப்பைகள். நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றி, கல்யாண வீட்டுக்காரரின் பூரிப்போடு, "பொன்சுவார்! எலெக்ட்ரிக்! எலெக்ட்ரிக்!" என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார். பயணிகள் அவரை ரயில்வே ஆள் என்று நினைத்து நன்றி சொன்னார்கள். அந்த அவமானத்திலிருந்து மீள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

எஞ்சினுக்கு நடுவில் உபரியாகவும் சில கண்டுபிடிப்புகள் வரும். அக்காவின் பிறந்தநாளுக்கு நீராவியில் சுழலும் தேங்காய் துருவி செய்தார். முதல் தேங்காய்ப் பாதியை அது துருவவில்லை, ஏவியது. வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு மதாமின் தக்காளிப் பாத்தியில் போய் விழுந்தது. மதாம் அதை எங்கள் நாட்டு அன்பளிப்பு முறை என்று எடுத்துக்கொண்டு மறுநாள் ஒரு பாட்டில் ஜாம் கொண்டுவந்து தந்தார். "பாத்தீரே, ஏற்றுமதி தொடங்கியிட்டுது," என்றார் அண்ணை. வாசல்படிப் பனியை நீராவி அடித்து உருக்கும் குழாய் ஒன்றும் உண்டு. பிரமாதமாக உருக்கியது. உருகிய தண்ணீர் அரை மணி நேரத்தில் கண்ணாடியாக உறைந்தது. மூன்று நாள் நாங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போய்வந்தோம். தபால்காரர் கடிதங்களைத் தெருவிலிருந்தே எறிந்தார்.

தீயணைப்பு வண்டி வந்ததைச் சொல்லாவிட்டால் மதாம் என்னை மன்னிக்க மாட்டார், கூப்பிட்டவர் அவர்தான். முதல் முறை சைரனோடு வந்து, குழாயோடு ஓடிவந்து, கராஜைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அண்ணை அவர்களுக்கு வரிசையாக விளக்கம் சொல்ல, அக்கா வரிசையாக றோல்ஸ் பொரித்தார். இரண்டாவது முறை சைரன் இருந்தது, ஓட்டம் இல்லை. மூன்றாவது முறை சைரனும் இல்லை. மதாம் கூப்பிட்டதாகவும் ஞாபகமில்லை.

இனி விசிலுக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை என் குக்கர் மூடியின் மேல் வைக்கும் குண்டைக் காணவில்லை. அறையைத் தலைகீழாக்கித் தேடிவிட்டு, சந்தேகத்தின் பேரில் கராஜுக்குப் போனேன். எஞ்சினின் முதுகில், நடுநாயகமாக, என் குண்டு உட்கார்ந்திருந்தது.

"அண்ணா! அது என் குக்கர் குண்டு!"

"ஓம். அருமையான சாமான் பிள்ளை. பிறஷர் கூடினால் தானே எழும்பும், குறைஞ்சால் தானே இருக்கும். உங்கட ஆக்கள் கெட்டிக்காரர்."

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அழுத்தமானியில் இருந்தது. வட்டமான அந்த மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளேயிருந்த எண்களை அழித்து, புதிதாகக் கறுப்பு மையில் எழுதியிருந்தார்: 1 விசில், 2 விசில், 3 விசில்... எட்டு வரை. ஆறு வரை பச்சை. அதற்கு மேல் சிவப்பு.

இயந்திரவியல் படிப்பில் நான் சுமாரான ஆள் இல்லை. ரத்தம் கொதித்தது.

"அண்ணா, விசில் ஒரு அளவே இல்லண்ணா. ஒரு விசில் அடிச்சாலும் பத்து விசில் அடிச்சாலும் உள்ள பிரஷர் ஒண்ணுதான். குண்டு தூக்குற பிரஷர். அவ்வளவுதான்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீர் படிச்ச பிள்ளை. சொல்லும் பாப்பம். பருப்பு எத்தினை விசிலில அவியும்?"

"ரெண்டு."

"கடலை?"

"ஏழு, எட்டு..."

"பிறஷர் ஒண்டெண்டால் கடலை ஏன் ரெண்டு விசிலில அவியேல்லை?"

"அது நேரம்ண்ணா! எவ்வளவு நேரம் வேகுதுங்கறது!"

"அப்ப உமக்குச் சமைக்கத் தெரியும். பிறஷர் தெரியாது," என்று முடித்துவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டார். நான் வெப்ப இயக்கவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல பைண்டிங்," என்றார். அந்த வாரம் முழுக்க நான் ரொட்டி சாப்பிட்டேன்.

ஓர் எஞ்சின் இருந்தால் போதாது. ஓட்ட இடம் வேண்டும். மாண்ட்ரியல் தீவைத் தாண்டி ஒரு மரத்தோப்புக்குள், இப்படிப்பட்ட குட்டி எஞ்சின்கள் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்று இருந்தது. ஒரு சாண் அகலத் தண்டவாளம் தோப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். கோடுபோட்ட தொப்பி அணிந்த ஓய்வுபெற்ற கிழவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவார்கள். அந்தத் தண்டவாளத்தில் என்றாவது தன் எஞ்சினை ஓட்ட வேண்டும்: பொயிலர் அண்ணை வாழ்வில் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் கிளப்பின் பரிசோதகர் பார்த்துத் தாள் எழுதித் தராமல் எந்தப் பொயிலரும் அங்கே மூச்சுவிட முடியாது. புது எஞ்சின்களுக்குச் சோதனை வருடத்துக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில்.

பரிசோதகர் பெயர் ரெஜான். எண்பதை நெருங்கிய வயது, சவரத் தூரிகை போல மீசை. பிரெஞ்சு மட்டுமே பேசுவார், அதையும் சிக்கனமாக. அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு லாண்டரி பிரெஞ்சு: ஈரம், காய்ந்தது, சீக்கிரம். எனவே மொழிபெயர்ப்புக்கு மலரக்காவைக் கூட்டிப்போனோம். அக்காவுக்கு வேலை கார்டெரியில், அதாவது சின்னக் குழந்தைகள் காப்பகத்தில். மூன்று வயதுக் குழந்தைகளைப் பிரெஞ்சில் மேய்ப்பவர். அண்ணையிடமும் அவசரத்துக்கு அதே பிரெஞ்சுதான் வரும். கராஜ் வாசலில் நின்று "ஒன் ராஞ்ஜ்!" என்று ஒரு குரல் கொடுத்தால், பொம்மைகளை எடுத்து அடுக்கு என்று அர்த்தம். அண்ணை அடுக்குவார்.

முதல் சோதனை ஆறு நிமிடம் நடந்தது. ரெஜான் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எத்தனை அழுத்தத்தில் ஓடும் என்று கேட்டார்.

"ஸிக்ஸ் விசில்," என்றார் அண்ணை, கம்பீரமாக.

ரெஜான் என் குக்கர் குண்டை இரண்டு விரல்களால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தார். அண்ணை பதறிப்போய் விளக்கத் தொடங்கினார். பருப்பிலிருந்து தொடங்கி, கடலைக்கு வந்து, என் படிப்பின் குறைகளைத் தொட்டு, நான்கு நிமிடம் பேசினார். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது அக்கா ரெஜானிடம் திரும்பி மூன்றே சொற்கள் சொன்னார்.

"என்ன சொன்னனீ?" என்றார் அண்ணை.

"உங்களுக்குக் களைப்பெண்டு சொன்னனான்."

தாள் கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, இரவல் வாங்கிய வேனில், அக்கா தன் தீர்ப்பைச் சொன்னார். இங்கே குளிர்காலத்தில் வெளியே நிற்கும் கார் காலையில் கார் மாதிரி இருக்காது. ஒரு வெள்ளைக் குவியல். கார்டெரியை ஆறரைக்குத் திறக்க வேண்டியவர் அக்கா. தன் கராஜில் எஞ்சின் குடியிருக்க, மூன்று குளிர்காலமாகத் தன் காரைத் தானே தோண்டி எடுத்தவர்.

"வாற வருசம் ஒருக்கா. அவ்வளவுதான். அதுவும் சரிவராட்டில், முதல் பனிக்கு முன்னம் கார் உள்ளுக்கு, எஞ்சின் வெளியால."

"வெளியால விட்டால் துருப்பிடிச்சுச் செத்துப்போம் மலர்."

"நான் செத்துப்போனால்?"

அண்ணை இதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். யோசித்தார். அது தவறு.

அடுத்த ஒரு வருடம் நான் பார்த்தது வேறு மனிதரை. விசில் போயிற்று. ஒழுங்கான மீட்டர், ஒழுங்கான பாதுகாப்பு வால்வு எல்லாம் வந்தன. என் குண்டு சோப்புப் போட்டுக் கழுவப்பட்டு வீடு திரும்பியது. நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த பொயிலர் விதிகளை அகராதி வைத்துப் படித்தார். தன்னுடைய பற்றவைப்பு ஒன்று பிழை என்று கண்டதும் யாரும் சொல்லாமலே பொயிலரை அறுத்து மறுபடி தொடங்கினார். இரவுச் சாப்பாட்டு மேசை பரீட்சை மண்டபம் ஆனது. அக்கா ரெஜானாக உட்கார்ந்து பிரெஞ்சில் கேள்வி கேட்பார். அண்ணை சோற்றைப் பிசைந்தபடி பதில் சொல்வார். தப்பானால் "ஒன் ருகொமான்ஸ்!" என்று குரல் வரும், முதலிலிருந்து தொடங்கு. ரசம் ஆறிவிடும்.

"இதெல்லாம் அந்தச் சாமான் சரிவர வேணும் எண்டில்லை," என்று அக்கா என்னிடம் சொல்வார். "பேந்து நான் உதவி செய்யேல்லை எண்டு கதை வரக்கூடாது." கராஜுக்குள் அவர் காலே வைத்ததில்லை. வாசல்வரைதான். எஞ்சினை 'அது' என்பார். கோபம் வந்தால் 'அவள்'.

பொயிலரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி அழுத்திப் பார்க்கும் குளிர் சோதனை ஒரு வாரம் முன்னால் நடந்து, ரெஜானே வியக்கும்படி ஒரு சொட்டுக் கசியாமல் தேறியது. மிஞ்சியது நெருப்புச் சோதனை மட்டும். அந்த ஞாயிறு காலை அண்ணை குளித்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் போட இறங்கியபோது, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா வந்தார். கையில் காலிப் பால் பை. இங்கே பால் பைகளில் வரும். நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. இன்றுவரை என் பட்டத்தை யாராவது புகழ்ந்தால் அந்தக் காலைதான் ஞாபகம் வருகிறது.

தோப்பில் அன்று நல்ல வெயில். மேப்பிள் இலையெல்லாம் சிவந்து கிடந்தன. குடும்பங்கள், குழந்தைகள், தொப்பிக் கிழவர்கள். அண்ணை நெருப்பு மூட்டினார். முள் மெல்ல ஏறியது; நின்றது. வால்வு சொன்ன இடத்தில் சொன்னபடி திறந்து, சொன்னபடி மூடியது. ரெஜான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் அவர் மீசை அசைந்தது. பக்கத்திலிருந்தவர் அது சிரிப்பு என்று எனக்குச் சொன்னார். அக்கா அவருக்குப் பக்கத்தில், சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பது போல நின்றார்.

கடைசியாக ஒன்றே ஒன்று. எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருக்கும் தொட்டியிலிருந்து பொயிலருக்குள் தண்ணீரைப் பம்ப் அடித்துக் காட்ட வேண்டும். அண்ணை அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. பொயிலருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயில், தெளிந்த நீர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ ஏறியது.

பால் அடுப்பில் பொங்கினால் அடுப்பு நாசம். பொயிலருக்குள் பொங்கினால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இப்போது நான் எழுதிச் சேர்க்கலாம். முதலில் புகைபோக்கி ஒரு முறை விக்கியது. பிறகு நுரையை வானத்துக்குத் துப்பியது. வால்வு திறந்து பக்கவாட்டில் பீய்ச்சியது. ரெஜானின் மீசை, குறிப்பேடு, பக்கத்துக் கிழவரின் தொப்பி எல்லாம் வெள்ளை. தோப்பு முழுக்கத் தீய்ந்த பால் வாசனை. "நெய்ஜ்! நெய்ஜ்!" என்று குழந்தைகள் குதித்தன, பனி என்று நினைத்துவிட்டன.

எல்லோரும் பின்வாங்கியபோது ஒரே ஓர் ஆள் முன்னால் போனார். நெருப்பை ஒரே இழுப்பில் வெளியே கொட்டி, இந்தக் குழாயை மூடி, அந்தக் குழாயைத் திறந்து, கொதிக்கும் நுரைக்கு நடுவில் நின்று பொயிலரை அடக்கினார் அண்ணை. அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் கற்ற பாடமெல்லாம் அப்போது ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நானும் அதனுடன்தான் இருந்தேன்.

ரெஜான் மீசையிலிருந்து ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தார். அக்காவிடம் ஏதோ கேட்டார். தொட்டிக்குள் என்ன ஊற்றினீர்கள் என்று கேள்வி, எனக்கே புரிந்தது. அக்கா அதை அண்ணைக்கு மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்க்கவில்லை. தூரத்தில் ஒரு மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஒரு வினாடி. புது வீடு என்றால் நம்மவர்கள் முதலில் என்ன காய்ச்சுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"லே," என்றார் ரெஜானிடம் நேராக. பால். "மொன் இதே." என் யோசனை.

கிழவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழில் தொடர்ந்தார்: "பாலில கல்சியம் இருக்கு. எலும்புக்கு நல்லதெண்டால் இரும்புக்கு ஏன் கூடாது? உள்ளுக்கு ஒரு படை மாதிரிப் படிஞ்சு துருப்பிடிக்காமல் காக்கும் எண்டு நான்தான் ஊத்திப் பாத்தனான். நான் மட்டும்தான். வேற ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லு மலர்."

அக்கா சொன்னார். அன்றுதான் அவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

ரெஜான் வெகுநேரம் எழுதினார். பிறகு தீர்ப்பு. தண்ணீரைத் தவிர வேறு எதையாவது உள்ளே விட்ட பொயிலர் இந்தத் தண்டவாளத்தில் ஏற முடியாது. இந்த வருடம் மட்டுமல்ல. இந்தப் பொயிலர் எப்போதுமே. போகும்போது அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, நெருப்பைக் கொட்டிய வேகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கும் நிலையில் யாரும் இல்லை. கிளப்பில் அண்ணைக்கு அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்: முசியு லே. பால்காரர்.

வேனில் வீட்டுக்குத் திரும்பினோம். பாலம் வந்ததும் அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் ஊத்தினனான்."

"தெரியும்."

"ஒரு பை முழுக்க."

"முழுப் பையோ? கொஞ்சமெண்டெல்லோ நினைச்சன்."

"நல்லா நடக்கட்டும் எண்டுதான்... பேந்து ஏன் உங்கட தலையில போட்டனீங்கள்? எல்லாரும் சிரிச்சவங்கள்."

அண்ணை கொஞ்ச தூரம் ஓட்டினார். "சிரிக்கட்டும். ஆனால் மலர், அந்தக் கல்சியம் கதை இருக்குதெல்லே... அது பிழையெண்டு நான் நினைக்கேல்லை."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின் சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

சொன்ன சொல் சொல்தான் என்று அண்ணை மறுவாரமே கராஜைக் காலி செய்தார். எஞ்சினைத் தள்ளிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் நிறுத்தி, மேலே தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டினார். தரையைக் கழுவினார். எண்ணெய்க் கறை போகும்வரை தேய்த்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கராஜ், கராஜ் மாதிரி இருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

முதல் பனி ஒரு மாலை நேரத்தில் வந்தது. அக்கா வேலையிலிருந்து திரும்பி, வாசலில் காரை நிறுத்தினார். அண்ணை ஓடிப்போய்க் கராஜ் கதவைத் தூக்கி, ட்ராஃபிக் போலீஸ் மாதிரி கையை அசைத்தார். "வா... வா... வலப்பக்கம் ஒடி..." கார் நகரவில்லை. வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு அதுவும் நின்றது. அக்கா இறங்கி, காரைப் பூட்டினார்.

"என்ன மலர்? உள்ளுக்கு விடு."

"வேண்டாம். றோட்டில போட்ட உப்பெல்லாம் அடியில ஒட்டியிருக்கு. சூட்டுக்குள்ள விட்டால் கெதியாத் துருப்பிடிக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"ரேடியோவில."

வீட்டில் ரேடியோ இல்லை; காரில் இருந்ததும் எப்போதோ செத்துவிட்டது. அண்ணை வாயைத் திறந்தார், நல்லவேளை, மூடிக்கொண்டார்.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார் அக்கா. "அவள் அங்க பின்னால நனையிறாள். உள்ளுக்குக் கொண்டுவாங்கோ."

மறுநாள் காலை முழங்காலளவு பனி. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். காரின் ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அண்ணை. அண்ணை இரண்டு அள்ளு அள்ளிவிட்டு நிமிர்ந்து, ஷவலைக் காற்றில் ஆட்டி எதையோ விளக்கினார். அக்கா நிமிராமல் அள்ளினார். ஆனால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பனி அள்ளுவது என் பொறுப்பு இல்லை என்று குடிவரும்போதே தெளிவாகப் பேசி வைத்திருந்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

"வந்திட்டீரே? அந்தப் பக்கம் நில்லும் பிள்ளை. புதுப் பொயிலர் ஒண்டு யோசிச்சிருக்கிறன். ஆனால் அதை முதலிலயிருந்து சொல்ல வேணும். நேரம் இருக்கே?"

எட்டு மணிக்கு வகுப்பு.

"இருக்குண்ணா," என்றேன். "முழுசாவே சொல்லுங்க."